சிவப்புக் கோட்டில் படுத்த முள்

நாகமலை புதுக்கோட்டையில் முத்திருளனின் காரை இரவல் கேட்காதவர்கள் இரண்டே பேர். ஒருவர், கார்க் கதவைத் திறந்தாலே குமட்டிக்கொண்டு வரும் மாவுமில் காளை. இன்னொன்று, ஊருக்குப் பின்னால் நீட்டிப் படுத்திருக்கும் நாகமலை. அதற்கு எழுந்து நடக்கக் கால் இல்லை, அதனால் தப்பித்தோம் என்பார் முத்திருளன். மற்றபடி பெண் பார்க்கப் போகிறவர், பிள்ளையைப் பரீட்சைக்குக் கொண்டுபோய் விடுகிறவர், நேர்ந்துவிட்ட கிடாயைப் பின்சீட்டில் உட்காரவைத்துக் கோயிலுக்குக் கூட்டிப்போக நினைத்தவர் வரைக்கும் எல்லோரும் அவர் வீட்டு வாசலில்தான் வந்து நின்றார்கள். கிடாய்க்கு ஜன்னலோர இடம் வேண்டும் என்றுகூட ஒருவர் கேட்டதாகச் சொல்வார்கள்.

முத்திருளனுக்குப் பல்கலைக்கழகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை. ஆய்வேடுகளுக்கு அட்டை போட்டு, தங்க எழுத்துப் பதிப்பதில் அவரை அடிக்க ஆளில்லை. அவர் கைபட்டு டாக்டர் ஆனவர்களை வரிசையாக நிறுத்தினால் வரிசை செக்கானூரணியைத் தாண்டும். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஒருவர் முகத்தைப் பார்த்து "தரமாட்டேன்" என்று சொல்ல மட்டும் வாய் வராது. பழைய கார்தான். யாரோ வைத்திருந்து விற்றது. ஆனாலும் அதன் கதவை அடுத்தவன் ஓங்கிச் சாத்தினால் இவருக்கு நெஞ்சுக்குள் சாத்தியதுபோல இருக்கும்.

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். டேங்கில் இரண்டு லிட்டருக்கு மேல் பெட்ரோல் வைப்பதில்லை. யாராவது வந்து தலையைச் சொறிந்தால் சாவியைப் போட்டு முள்ளைக் காட்டுவார். முள் சிவப்புக் கோட்டில் படுத்திருக்கும். "பெட்ரோல் இல்லப்பா, பங்கு வரைக்கும்கூடப் போகாது" என்பார், முகத்தில் அம்புட்டு வருத்தத்தோடு. அந்த ஊர்ப்பக்கம் கார் இரவல் என்றால் பெட்ரோலும் சேர்த்துத்தான் இரவல். ஆகவே கேட்டவர்கள் அவருக்கு ஆறுதல் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்கள். ஆறு வருஷம் இப்படி ஓடியது. முள் எழுந்து நின்றதைப் பார்த்தவர் எவரும் இல்லை.

எல்லோருக்கும் சொன்ன அந்த வார்த்தை, நடுவில் மூன்றாம் வருஷம் ஒருநாள், சொல்லக்கூடாத ஆளிடம் போய்விட்டது.

அவருடைய ஒரே தங்கை தமிழ்ச்செல்வி. மேலூரில் கிரானைட் லாரி ஓட்டும் ஆண்டிச்சாமிக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துப் பிள்ளை. மதுரை ஆஸ்பத்திரியில் பிறந்தது. மறுநாள் வீட்டுக்கு அனுப்புகிறார்கள், அண்ணன் காரில்தான் பச்சைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகவேண்டும் என்று ஆசைப்பட்டுப் போன் போட்டாள். கடையில் அன்றைக்கு ஆய்வேடு கொடுக்கக் கடைசி நாள். ஒரு கையில் பசை, ஒரு கையில் அட்டை, போன் தோளுக்கும் காதுக்கும் நடுவில். "கார் வேணும்" என்கிற சொல் மட்டும்தான் காதில் விழுந்தது. யார் குரல் என்று மனசு பார்ப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"பெட்ரோல் இல்லப்பா."

எதிர்முனையில் போன் துண்டானது. அந்த 'ப்பா' கடையின் சுவரில் முட்டித் திரும்பி வந்தபிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று முத்திருளனுக்கு உறைத்தது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். எடுக்கவில்லை. மறுநாள் விடியும்போதே பெட்ரோல் ஊற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். அவள் அதற்கு முன்னாலேயே பிள்ளையைத் துண்டில் சுற்றி, ஆட்டோவில் ஏறி மேலூருக்குப் போய்விட்டிருந்தாள்.

மூன்று வருஷம் தமிழ்ச்செல்வி அண்ணனோடு நேராகப் பேசவில்லை. சண்டையும் போடவில்லை. எதிரே உட்கார்ந்திருந்தாலும் அண்ணன் மனைவி, மதினி ரெங்கம்மாளைப் பார்த்துத்தான் பேச்சு. "அண்ணனுக்குக் காப்பி ஆறுதுன்னு சொல்லுங்க மதினி" என்பாள். காப்பிக்கும் அவருக்கும் நடுவில் ஒரு முழ தூரம்தான் இருக்கும்.

பிள்ளைக்குக் குலசாமி பேர், மாயக்காள். கூப்பிடுவது மாயா. மூன்றாம் வருஷம் காதுகுத்து வைத்தாள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தானே காது குத்தவேண்டும்? வெற்றிலை பாக்கோடு வந்து, ரெங்கம்மாளைப் பார்த்தே அழைப்புச் சொன்னாள். வெள்ளிக்கிழமை, மேலூருக்கு இந்தப் பக்கம் கண்மாய்க்கரைக் கருப்புக் கோயிலில். பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் குத்தியாக வேண்டும். எழுந்து வாசல்வரை போனவள் நின்று, செருப்பைப் பார்த்துக்கொண்டு ஒன்று சொன்னாள்.

"கார்லயே வரச் சொல்லுங்க மதினி. புள்ள இன்னும் மாமன் கார்ல ஏறல."



ஆவணி மாத வெள்ளி. காலை எட்டரைக்கெல்லாம் வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. இருபத்தொரு தட்டுச் சீர். தேங்காய், வாழைப்பழம், ஆப்பிள், பட்டுப்பாவாடை, வெள்ளிக் கொலுசு, கருகமணி, குங்குமச் சிமிழுக்குள் பஞ்சில் பொதிந்த தங்கக் கம்மல். முன்சீட்டில் மல்லிகைக் கூடை. பின்சீட்டில் தட்டுகளுக்கு நடுவே ரெங்கம்மாள் இருபத்திரண்டாவது தட்டாக உட்கார்ந்திருந்தாள். எப்போதுமே அவளுக்குப் பின்சீட்டுதான். முன்சீட்டில் ஆய்வேட்டுக் கட்டுகள் உட்காரும்.

அப்படி உட்கார்ந்து உட்கார்ந்துதான் அவளுக்கு ஒரு விஷயம் தெரிந்திருந்தது. சீட்டுக்குக் கீழே ஒரு சத்தம். முன்பெல்லாம் சாவி போட்டதும் 'உய்ங்' என்று இரண்டு விநாடி ஒலித்து அடங்கும். ஆறு மாதமாக அடங்குவதில்லை. ஊர் போய்ச் சேரும்வரை ஊளையிட்டது. மேம்பாலம் ஏறினால் வண்டி திக்கித் திக்கி மூச்சு வாங்கியது. காலையில் நாலு தரம் சாவி திருகினால்தான் எழுந்தது. இவள் சொல்லும்போதெல்லாம் முத்திருளன் டயர் சத்தம் என்றார், ரோடு சரியில்லை என்றார், ஒருநாள் உன் காதில் அழுக்கு என்றும் சொல்லிப் பார்த்தார். அதற்கு அன்று ராத்திரி ரசம் மட்டும்தான் கிடைத்தது.

ஒத்தக்கடையில், யானைமலை இடதுபக்கம் படுத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க, வண்டி மூன்று முறை குலுங்கி நின்றது. மணி ஒன்பதே கால்.

முத்திருளன் முள்ளைப் பார்த்தார். அது வழக்கமான இடத்தில் வழக்கம்போலப் படுத்திருந்தது. தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போகிற அன்றைக்கும் மனிதர் இரண்டு லிட்டர்தான் ஊற்றியிருந்தார். வேண்டுமென்று அல்ல. பங்கில் நிறுத்தினால் வாய் தானாக "ரெண்டு லிட்டர்" என்று சொல்லிவிடுகிறது.

"நெசமாவே தீந்துபோச்சா?" என்று பின்னாலிருந்து கேட்டாள் ரெங்கம்மாள்.

அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. தமிழ்ச்செல்வி. எங்கே வருகிறீர்கள் என்று கேட்டாள் போல. ஒத்தக்கடை வந்துவிட்டோம் என்று ரெங்கம்மாள் சொல்லி வைத்தாள். முத்திருளன் திரும்பி, கும்பிடாத குறையாகச் சொன்னார்.

"ஏ புள்ள, பெட்ரோலுங்கிற பேச்சு மட்டும் அவகிட்ட எடுத்துறாத. வண்டி நின்னுபோச்சுன்னு சொன்னாக்கூட அவளுக்கு அன்னைக்குச் சொன்னதுதான் ஞாபகம் வரும்."

ரெங்கம்மாள் தீர்ப்புச் சொன்னாள். பத்து மணிவரை பார்ப்பது. அதற்குள் வண்டி எழுந்திரிக்காவிட்டால் ஆட்டோவில் தட்டுகளை ஏற்றிக்கொண்டு போய்விடுவது. கூச்சப்பட்டுக்கொண்டு நடுரோட்டில் நின்றால், பத்தரைக்குள் மேலூர் பெரியப்பா மகன் அழகுபாண்டி மாமன் முறையில் மடியைக் கொடுத்துவிடுவான். அவன் இதற்காகவே ஒரு வாரமாகப் பட்டுவேட்டியை மடித்து வைத்திருக்கிறான்.

ஆட்டோக்காரர்கள் இரண்டு பேர் கைகொடுக்க, இருநூறு அடி தள்ளி இருந்த பங்குக்கு வண்டியைத் தள்ளினார்கள். முத்திருளன் வேர்க்க விறுவிறுக்க "ரெண்டு லிட்டர்" என்றார். ஊற்றியாயிற்று. சாவியைத் திருகினார். இஞ்சின் கரகரவென்று சுற்றியதே தவிர உயிர் வரவில்லை. பெட்ரோல் இருக்கிறது, வண்டி ஓடவில்லை. ஆறு வருஷத்தில் அவருக்கு முதல்தடவையாக இப்படி ஒரு நிலைமை.

பங்குக்கு அடுத்த ஷெட்டிலிருந்து மெக்கானிக் வெங்கடேஷ்பாபு வந்தார். சௌராஷ்டிரக்காரர், நாற்பது வயதிருக்கும். வீட்டோடு போனில் தன் பாஷையில் பேசிக்கொண்டே வந்தவர், காரைப் பார்த்ததும் மதுரைத் தமிழுக்கு மாறினார். பியூஸைக் கழற்றிப் பார்த்து மாட்டினார். பிறகு பெட்ரோல் மூடியைத் திறந்து, டேங்க் வாயில் காதை வைத்துக்கொண்டு, சாவியை மட்டும் போடுங்கள், ஸ்டார்ட் பண்ணாதீர்கள் என்றார். வயிற்றுப்பிள்ளையின் நாடி பார்க்கிற மருத்துவச்சிகூட அம்புட்டுக் கவனமாகக் கேட்டிருக்கமாட்டாள்.

"சத்தமே இல்லண்ணே. பம்பு எந்திரிக்கல" என்று நிமிர்ந்தார். "எப்பயும் எம்புட்டுப் பெட்ரோல் வச்சு ஓட்டுவீக?"

முத்திருளன் யானைமலையைப் பார்த்தார்.

"ரெண்டு லிட்டர்" என்றாள் ரெங்கம்மாள். "ஆறு வருசமா."

பாபு சிரிக்கவில்லை. அதுதான் முத்திருளனுக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

"அண்ணே, ஒங்களுக்குக் கெணறு இருக்கா?"

கொக்குளத்தில் பங்காளிகளோடு பொதுக்கிணறு இருக்கிறது என்றார் முத்திருளன்.

"அதுல முங்கு மோட்டாரு கெடக்குல்ல? அதே கததான். இந்தப் பம்பு டேங்குக்குள்ள, அக்கா ஒக்காந்திருக்க சீட்டுக்கு நேர் கீழ, பெட்ரோல்ல முங்கிக் கெடக்கும். சாவியப் போட்டதும் ரெண்டு விநாடி சுத்தி, பெட்ரோல அமுக்கிக் குழாய் வழியா இஞ்சினுக்கு ஏத்தி வச்சிரும். வண்டி ஓடுறவரைக்கும் அதுவும் ஓடும். ஓடுற மோட்டாரு சூடாகும்ல? சுத்தி இருக்க பெட்ரோல்தான் அதுக்குக் குளிர்ச்சி. நீங்க தண்ணியே இல்லாத கெணத்துல ஆறு வருசமா மோட்டார ஓட்டியிருக்கீக."

ரெங்கம்மாள் கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். கிணற்றில் தண்ணீர் ஒரு முழம் இறங்கினாலே "மோட்டார அமத்துங்கடா, உள்ள காயில் கம்பி கருகிப்போகும்" என்று பங்காளிகள் அத்தனை பேரையும் வைகிற மனுஷன் இவர். ஒருதடவை அதற்காகவே பஸ் பிடித்துப் போய்ச் சண்டை போட்டார். அதை அவள் அந்த இடத்திலேயே, இரண்டு ஆட்டோக்காரர்களும் கேட்கும்படியாக எடுத்துச் சொன்னாள். முத்திருளன் இந்தமுறை மலையைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார்.

"மொதல்ல அத முங்க விடுவோம். சூடு ஆறுனா ஒருவேளை எந்திரிக்கும்" என்றார் பாபு.

முத்திருளன் பங்குப் பையனைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். மூன்றுதரம் வாயைத் திறந்து மூடினார்.

"புல்லு" என்றார்.

பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் கடகடவென்று சத்தம் கேட்டது. ரெங்கம்மாளுக்கு அது யாரோ ஆறு வருஷத் தாகத்தைத் தீர்த்துக்கொள்கிற மாதிரி இருந்தது. உள்ளே முள் எழுந்தது. பாதியில் நின்று, நாம்தானா என்று யோசித்து, மறுபடி ஏறி உச்சியில் போய் நின்றது.

வண்டியை ஷெட்டு வேப்பமரத்தடிக்குத் தள்ளினார்கள். பின்சீட்டைத் தூக்கவேண்டும் என்றார் பாபு. அதற்குத் தட்டுகள் இறங்கவேண்டும். இருபத்தொரு தட்டும் ரோட்டோரத்தில் வரிசையாக உட்கார்ந்தன. போகிற வருகிறவர்கள் எல்லாம் விசேஷம் இங்கேதான் என்று நினைத்துவிட்டார்கள். ஓர் அம்மா பஸ்ஸுக்குப் போகிற அவசரத்திலும் நின்று, சந்தனத்தைத் தொட்டுக் கழுத்தில் பூசிக்கொண்டு, பிள்ளை நல்லா இருக்கட்டும் என்று வாழ்த்திவிட்டுப் போனாள். இன்னும் கால்மணி நேரம் விட்டிருந்தால் யாராவது மொய் எழுதியிருப்பார்கள்.

பாபு சீட்டுக்கடியில் இருந்த சின்ன மூடியைக் கழற்றி, வயர் முனையைத் துடைத்து மாட்டினார். வேலையோடு வேலையாகப் புத்தியும் சொன்னார். கால் டேங்குக்குக் கீழே இறங்க விடக்கூடாது. அடியில் தங்கும் கசடையும் வெறும் டேங்கில் பம்பு சேர்த்து உறிஞ்சும், அதனால் நாற்பதாயிரம் கிலோமீட்டருக்கு ஒருதரமாவது வடிகட்டியைப் பார்க்கவேண்டும். பம்பு பாவம், தொந்தரவு பண்ணாமல் விட்டால் லட்சம் கிலோமீட்டரும் தாண்டி உழைக்கும். நிற்பதற்கு முன்னால் அது சொல்லாமல் இருக்காது. ஊளையிடும், மேட்டில் திக்கும், காலையில் எழுந்திரிக்க அடம்பிடிக்கும்.

"எல்லாம் பண்ணுச்சு" என்றாள் ரெங்கம்மாள். "நாஞ் சொன்னப்பெல்லாம் என் காதுல அழுக்குன்னாரு."

"அக்கா காது நல்ல காது. அந்தக் காதையே இப்ப இங்கன வைங்க."

பாபு ரப்பர்ச் சுத்தியலோடு வண்டிக்கு அடியில் நுழைந்தார். முத்திருளன் சாவியைப் போட, ரெங்கம்மாள் சீட்டு இருந்த இடத்தில் குனிந்து காது கொடுக்க, கீழிருந்து பாபு டேங்கின் வயிற்றில் 'டொம்' என்று தட்டினார். ஒன்றும் இல்லை. இன்னொரு முறை. ஒன்றும் இல்லை. முத்திருளன் மணியைப் பார்த்தார். ஒன்பது ஐம்பது. அவர் மனசுக்குள் அழகுபாண்டி பட்டுவேட்டியை உதறிக் கட்டிக்கொண்டிருந்தான்.

மூன்றாவது தட்டில் ரெங்கம்மாள் கையை உயர்த்தினாள். ரோட்டில் போன லாரிகூட அந்தக் கைக்குப் பயந்து மெதுவாகப் போனது.

"கேக்குதுங்க" என்றாள் மெல்ல. "ஆறு மாசமா என் முதுகுக்குக் கீழ அழுதது இதான்."

இஞ்சின் பிடித்துக்கொண்டது. பாபு தவழ்ந்து வெளியே வந்து, இது கடைசி மூச்சு என்றார். புதுப் பம்பு மதுரையிலிருந்து நாளைக் காலையில்தான் வரும். போய்ச் சேர்ந்தாலும் வண்டியை அமர்த்தக்கூடாது. அமர்த்தினால் அப்புறம் சுத்தியலாலும் எழுப்பமுடியாது. திரும்பி வரும்போது ஓடுகிற வண்டியாகவே ஷெட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள் என்றார். ரெங்கம்மாள் அவர் கையில் வழிக்குக் கட்டிவந்த கருப்பட்டிப் பணியாரத்தில் பாதியை வைத்தாள். தட்டுகள் ஏறின. எண்ணிப் பார்க்க நேரம் இல்லை.

கண்மாய்க்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்து பதினேழு.

புங்கமரத்து நிழலில் பாய் விரித்திருந்தது. ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அழகுபாண்டி பட்டுவேட்டியில் சம்மணம் போட்டு, மடியைத் தட்டித் தயார் பண்ணி உட்கார்ந்தே விட்டான். பெரியவர்கள் நேரம் ஆகுது, நேரம் ஆகுது என்று சுற்றி நின்று சொல்ல, தமிழ்ச்செல்வி மட்டும் பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்காமல் ரோட்டுப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். காரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் பிள்ளையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள், இறக்குவதற்குத் தோதாக.

முத்திருளன் கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, இஞ்சின் ஓட ஓட இறங்கினார். ஸ்டீயரிங்குக்கு முன்னால் ரெங்கம்மாளைக் காவல் வைத்தார். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. இரண்டு கையாலும் கைப்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, விட்டால் கண்மாய்க்குள் போய்விடும் என்கிற நினைப்பில் உட்கார்ந்திருந்தாள்.

அழகுபாண்டி எழுந்து வழிவிட்டான். "ஒனக்காகப் பாயச் சூடு பண்ணி வச்சேண்ணே" என்றான். உட்கார்ந்த முத்திருளன் மடியில் தமிழ்ச்செல்வி பிள்ளையை வைத்தாள். அப்போது அவள் கை அவர் கையில் பட்டது. இரண்டு பேரும் கவனிக்காத மாதிரி இருந்தார்கள். மாயா மாமனை அண்ணாந்து பார்த்தாள். வேர்வையும் கிரீஸுமாக இருந்த அந்த முகத்தில் மீசை மட்டும் பிடித்துப்போக, அதை ஒரு கையால் பற்றிக்கொண்டாள். ஊசி இறங்கியபோது அந்தக் கை இறுகியது. பிள்ளை இரண்டு நிமிஷம் அழுதது. மாமன் நாலு நிமிஷம் அழுதார். மீசை வலி என்று பிற்பாடு சொல்லிக்கொண்டார்.

சீர்த்தட்டுகளை இறக்கினார்கள். இருபத்தொன்றும் இருந்தன. சந்தனத்தில் மட்டும் யாரோ தொட்ட விரல் தடம்.

அதுவரைக்கும் கார் உறுமிக்கொண்டே நின்றது. முத்திருளன் துண்டை உதறித் தோளில் போட்டார். பிள்ளை காரில் ஏறவேண்டும் என்று அவள் சொன்னது அவருக்கு மறக்கவில்லை. ஆனால் வழியில் நின்றுபோகிற வண்டியில் பிள்ளையை ஏற்ற அவருக்குத் தைரியம் இல்லை. மாமன் கடமை முடிந்தது, யார் முகத்தையும் பார்க்காமல் கிளம்பிவிடலாம் என்று காரை நோக்கி நடந்தார். தமிழ்ச்செல்வி பிள்ளையோடு குறுக்கே வந்து நின்றாள். மதினியைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தாள்.

"வண்டிய ஏன் அமத்தல?"

மூன்று வருஷத்துக்குப் பிறகு வந்த முதல் பேச்சு. முத்திருளனுக்குப் பொய் ஒன்று தயாராகத்தான் இருந்தது. வாய் இந்தமுறை முந்திக்கொள்ளவில்லை.

"அமத்துனா திரும்ப எந்திரிக்காது ஆத்தா. பம்பு கருகிப்போச்சு. ஊர்ல ஒருத்தருக்கும் குடுக்கக் கூடாதுன்னு டேங்கக் காயப்போட்டே வச்சிருந்தேன். எல்லாருக்கும் சொல்லிச் சொல்லிப் பழகி, அன்னைக்கு ஒங்கிட்டயும் அதயே சொல்லிட்டேன். நீதான் பேசுறன்னு தெரியல. தெரிஞ்சிருந்தா..." பிறகு சின்னப்பிள்ளை மார்க் சொல்வதுபோலச் சொன்னார். "இப்ப டேங்கு புல்லு."

தமிழ்ச்செல்வி கார் வரைக்கும் நடந்தாள். ஜன்னல் வழியாகத் தலையை விட்டு முள்ளைப் பார்த்தாள். அது உச்சியில் நின்றிருந்தது. ரெங்கம்மாளைப் பார்த்தாள். ரெங்கம்மாள் ஆமாம் என்று தலையாட்டினாள். தமிழ்ச்செல்வி கையை உள்ளே நீட்டிச் சாவியைத் திருகினாள்.

உறுமிக்கொண்டிருந்த வண்டி அடங்கியது. முத்திருளன் ஐயோ என்று ஓடி வந்தார். அவள் சாவியை உருவி முந்தானையில் முடிந்து, முடிச்சை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"கறி வெந்துக்கிட்டிருக்கு. சாப்பிட்டு, நாளைக்குப் பம்பு வரவும் போங்க" என்றாள் பொதுவாக. அதில் பாதி மதினிக்கு, பாதி அவருக்கு. பிள்ளையைத் தூக்கி அண்ணன் கையில் கொடுத்துவிட்டு அடுப்புப் பக்கம் போனாள்.

ரெங்கம்மாள் கைப்பிரேக்கை விட்டுவிட்டு மெல்ல இறங்கி, அடுப்புப் பக்கமே போய்ச் சேர்ந்தாள். மாயா காரைக் காட்டினாள். ஏறவேண்டும் என்று காலை உதைத்தாள். வண்டிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிப் பார்த்தார் முத்திருளன். அவள் காதைத் தொட்டுக் காட்டி, எனக்கும்தான் என்பதுபோல உதட்டைப் பிதுக்கினாள். அதற்கு மேல் என்ன சொல்ல முடியும்? ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்து, பிள்ளையை மடியில் வைத்து, அவள் இரண்டு கையையும் ஸ்டீயரிங்கில் பிடிக்கவைத்தார். புதுக் கம்மல் வெயிலில் மினுங்கியது. முள் சாவி இல்லாததால் பழைய இடத்தில் படுத்துக்கொண்டது. அதற்கும் பழக்கதோஷம்.

"உய்ங்" என்றார் முத்திருளன் வாயால், இரண்டு விநாடி. பிறகு "டுர்ர்ர்" என்று கிளப்பினார். மாயா ஸ்டீயரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒடித்து மேலூரைக் கடந்தாள், திருப்பத்தூரைக் கடந்தாள், எதிரே வந்த ஒரு கோழிக்கு ஹாரன் அடித்தாள்.

அடுப்படிப் புகைக்குள் கரண்டியோடு நின்ற தமிழ்ச்செல்வி, கண்ணைத் துடைத்துக்கொண்டு அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"அண்ணே, புள்ள இருக்கா. மெதுவாப் போ."